சிரட்டைக் கரியும் ரெஜினாவின் மூக்கும்

கதவை உடைத்துவிடுவது போலத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. திறந்தால் புகை படிக்கட்டு முழுவதும் இறங்கிவிடும். திறக்காவிட்டால் நானும் என் மனைவியும் உள்ளேயே இருமிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இரண்டில் எது மேல் என்று யோசித்தபடி, ஒரு கையில் விசிறியும் மறு கையில் இடுக்கியுமாகக் குசினியின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

குசினி என்றால் சமையலறை. எங்கள் கடற்கரை வீடுகளில் அப்படித்தான் சொல்வோம்.

"வே டாலி! உள்ள உசுரோட இருக்கீரா?"

மேல்வீட்டு ஆழ்வாரப்பனின் குரல். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். என்னை டாலி என்று அழைக்கிற நான்கு பேரில் ஒருவர். மற்ற மூவரும் இப்போது இல்லை.

"இருக்கேன் வே!"

"அப்போ கதவத் தொறயும். ஒரு வாளித் தண்ணியோட நிக்கேன். கை கழண்டுரும் போலுக்கு."

திறந்தேன். வாளியில் பாதிதான் இருந்தது. மீதி படியில் வழிந்துகொண்டிருந்தது. அவர் புகையைப் பார்த்தார். என் இடுக்கியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, எங்கள் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ கரி, விறகு, சுள்ளி எதையும் மூட்டக் கூடாது. இப்படிக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"கீழ யாரு கையெழுத்து வே?"

"என் கையெழுத்துதான்."

"கண்ணு தெரியுதுல்லா? புகையில தெரியாமப் போச்சோன்னு நெனச்சேன்."

உள்ளே சாப்பாட்டு மேசையில் ரெஜினா அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டுகிறது. ஆழ்வாரப்பனுக்கும் கொட்டுகிறது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன, ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு நிக்கிய? யாருக்கு என்ன ஆச்சு?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் விஷயம்.

போன மூக்கு

மழைக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லா வீட்டிலும் ஏறி இறங்கியது. எல்லாரையும் விட்டுவிட்டுப் போனது. ரெஜினாவை விட்டுப் போகும்போது மட்டும் அவள் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

என் மனைவியின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இந்த நஷ்டம் விளங்காது. மீன்காரம்மா கீழே தெருவில் கூடையை இறக்கும்போதே மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து, "ஏளா, அந்தச் சாளை நேத்துள்ளது, அதைக் காட்டாத" என்று சொல்கிறவள். எந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தது, எந்த வீட்டில் பருப்பு அடிப்பிடித்தது என்றெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வாள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அதன் பிறகுதான் தெரியும்.

இப்போது அவளுக்குக் காப்பியும் அரிசி கழுவிய கழனித் தண்ணீரும் ஒன்றுதான்.

"நாக்குல என்னதான் தெரியுது?" என்று கேட்டேன்.

"ஈர அட்டைப்பெட்டி."

"அட்டையத் தின்னு பாத்திருக்கியா நீ?"

"இப்போ தின்னுக்கிட்டுதான இருக்கேன்."

டாக்டர் நல்லவர். நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்பி வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். "ஒரு சிலருக்கு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தப்பு. முழுதாகச் சொல்லியிருந்தால் ஒரு கவலைதான். பாதியில் நிறுத்தியதால் மீதியை நானே பத்து விதமாக முடித்துப் பார்த்துக்கொண்டேன். பலமான வாசனை எதையாவது முகரக் கொடுங்கள், அதைவிட முக்கியம் சாப்பிட வையுங்கள், எடை இறங்கிக்கொண்டே போகிறது என்று சொல்லி அனுப்பினார்.

சாப்பிட வைப்பது எப்படி? ஒரு தட்டு ஈர அட்டையை யார்தான் ஆசையாகச் சாப்பிடுவார்கள்?

எண்ணுகிற வியாதி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறுகிற, கப்பலில் இருந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடுவது என் உத்தியோகம். நான்கு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. உப்பு, உரம், மரம், பருப்பு என்று எது வந்தாலும் கோடுதான். உத்தியோகம் என்னை விட்டுவிட்டது. கோடு விடவில்லை. பூசையில் மெழுகுவர்த்தியை எண்ணுவேன். பேருந்தில் வழுக்கைத் தலைகளை எண்ணுவேன். துக்க வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணி, இரண்டு குறைகிறதே என்று ரெஜினாவின் காதில் சொல்லி, இடுப்பில் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் சாப்பிடுகிற வாய்களை எண்ண ஆரம்பித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. எதிரே உட்கார்ந்தால் தானாக வந்தது. ஒன்பது வாய். பிறகு ஏழு. பிறகு ஐந்து.

கப்பலில் எண்ணிக்கை குறைந்தால் எனக்குப் பயம் கிடையாது. மூட்டை எங்கேயோ மூலையில் கிடக்கிறது என்று அர்த்தம், போய்த் தேடலாம். வீட்டில் குறைந்தால் எங்கே போய்த் தேடுவது?

லாரன்ஸ் அனுப்பிய படம்

ரெஜினாவின் தம்பி லாரன்ஸ் கப்பலில் இருக்கிறான். போசன் வேலை, மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில் இருந்து அக்காவுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கு வாட்டில் இரண்டாகப் பிளந்து, கரி போட்டு, மேலே கம்பி வலை விரித்து, வரிசையாகக் கோழிக்கால். இருபத்திரண்டு கால்கள். பதினொரு கோழி என்று நான் கணக்குப் போடுவதற்குள் ரெஜினா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

"இது ஒண்ணு கெடச்சா திம்பேன்" என்றாள்.

வாரக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வேண்டும்'. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். புறவழிச் சாலையில் கோழியை வாட்டித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. வாங்கி, மடியில் வைத்து, ஆட்டோவில் கொண்டுவந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"ஆறிப் போச்சு. புகை கண்ணு முன்னால எந்திரிக்கணும். அந்தப் படத்துல புகையப் பாத்தப்போ, மூக்குக்கு என்னமோ ஞாபகம் வார மாதிரி இருந்திச்சி. கிட்டத்துல வந்து நின்னுட்டுப் போயிட்டு."

கிட்டத்தில் வந்து நின்றது என்றால் மறுபடியும் வரும். வருகிற இடத்தில் புகையோடு காத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கே மூட்டுவது? போன கிறிஸ்துமஸுக்குக் கீழ்வீட்டுப் பையன்கள் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி, பொறி பறந்து, கொடியில் கிடந்த மூன்று சேலைகளில் ஓட்டை விழுந்தது. ஓட்டைகளையும் எண்ணினேன், அது இங்கே வேண்டாம். அந்த ஆத்திரத்தில் நான் எழுதி ஒட்டியதுதான் அந்த அறிவிப்பு. 'வீட்டுக்குள்ளோ' என்ற சொல்லைக் கடைசி நேரத்தில் சேர்த்தவனும் நான்தான்.

ஒரு மரத்தடி குறைந்த கதை

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புகையோடு எனக்கு முன்பே ஒரு தகராறு உண்டு.

நான் மத்திய வயதில் இருந்தபோது வெட்டிய மரத்தடிகளை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. நான் மேல்தளத்தில் நின்று தடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. பின்தளத்தில் மாலுமிகள் இதே மாதிரி பீப்பாயைப் பிளந்து கோழி சுட்டார்கள். காற்று என் பக்கம் திரும்பியது. கொழுப்பு கரியில் சொட்டி, அதிலிருந்து எழும்பி, மிளகும் உப்பும் கருகலுமாக ஒரு வாசனை வந்து என் கழுத்துப்பட்டையைப் பிடித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கண்ணை மூடினேன்.

முடிவில் என் கணக்குக்கும் கப்பல் அதிகாரியின் கணக்குக்கும் ஒரு தடி வித்தியாசம். அவர் சொன்ன கணக்குதான் தப்பு என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அப்படிப்பட்ட புகைக்கு என்ன பலம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். ஒரு மரத்தடியை மறைக்கிற புகை, ஒரு மூக்கைத் திறக்காதா?

லாரன்ஸின் பாடம்

போனில் லாரன்ஸைப் பிடித்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அத்தான், பீப்பா கீப்பான்னு எறங்கிராதிய. ருசி தீயில இல்ல, புகையிலதான். கோழிய எப்பவும் போல மசாலா தடவி, தோசைக்கல்லுல கருக்கலா வாட்டிக்கிடுங்க. கல்லு நல்லா காஞ்சிருக்கணும். பெறகு ஒரு தேங்காச் சிரட்டைத் துண்ட அடுப்புல வச்சுக் கங்காக்கி, சின்னக் கிண்ணத்துல போட்டு, கோழி இருக்க சட்டிக்குள்ள வைங்க. கங்கு மேல ரெண்டே ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். குப்புனு புகை வரும். உடனே மூடிருங்க. அஞ்சு நிமிசம். பீப்பா தோத்துப் போவும்."

"ஒரு துண்டு போதுமா?"

"போதும் அத்தான்."

"எத்தனை அங்குலத் துண்டு?"

சிக்னல் போய்விட்டது. அவன்தான் துண்டித்தான் என்று ரெஜினா சொல்கிறாள்.

இவ்வளவு சுலபமான வழியை யாராலும் கெடுக்க முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் என்ன செய்தேன் என்றால், யோசித்தேன். ஒரு துண்டு கங்கு, நல்ல மூக்கு உள்ளவர்களுக்கு. போன மூக்கைத் திரும்ப அழைத்து வர ஒன்று எப்படிப் போதும்? ஏழு போட்டேன். இரண்டு சொட்டு எண்ணெய் என்றால் ஏழு கங்குக்குப் பதினான்கு சொட்டு. சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றப் பொறுமை இல்லாமல் ஒரு கரண்டியாகச் சாய்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வாளியோடு ஆழ்வாரப்பன் வந்தது.

பெருமாளுக்கு வந்த வாசனை

ஜன்னல்கள் ஆறையும் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். ரெஜினா அந்தக் கோழியில் மூன்று வாய் எடுத்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணும் தெரியல்ல. மூடாக்கா இருக்கே, மழை வருதா?"

ஆழ்வாரப்பனுக்கு விஷயத்தைச் சொன்னேன். வாத்தியார், கேட்டுக்கொண்டே இருந்தார். வாளியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது சரி வே. ரெஜினாம்மா சாப்பிடணும், அதுல எனக்கு மறுப்பு கெடையாது. ஆனா ஒம்ம குசினி ஜன்னல் புகை நேரா எங்க பூசை ரூமுக்கு வருது. பெருமாளுக்குக் கோழி காட்டுன ஆளுன்னு நாளைக்கு எனக்கு வைகுண்டத்துல எடம் இல்லாமப் போயிரும்."

"ஜன்னலச் சாத்தும்."

"சாத்துனா எனக்கு வேர்க்கும். மொதல்ல கோழிய விடும். கத்தரிக்காய் இருக்கா?"

அவர் மனைவி மகன் வீட்டுக்குப் போயிருப்பதால் அவரே சமைத்துக்கொள்கிறார். கத்தரிக்காயில் பெரிய ஆள் என்பது அன்றுதான் தெரிந்தது. நல்லெண்ணெய் தடவி, நான்கு இடத்தில் கீறி, ஒரு கீறலுக்குள் பூண்டைச் செருகி, காஸ் தீயின் மேலேயே படுக்க வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தோல் கரியாகி வெடித்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவிட வேண்டும். அந்த ஆவியிலேயே புகை சதைக்குள் இறங்கிவிடுமாம். தோலை உரிக்கலாம், கழுவக் கூடாது. கழுவினால் புகையும் தண்ணீரோடு போய்விடும். பச்சை மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் அதே தீயில் சுட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் உப்புப் போட்டுப் பிசைந்தால் முடிந்தது.

நான் சாப்பிட்டேன். மரத்தடிக் கப்பல் நினைவுக்கு வந்தது. கோழி இல்லாமலே வந்தது.

ரெஜினா ஐந்து வாய் சாப்பிட்டாள். "கொழகொழன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான் அவள் தந்த சான்று.

தேயிலையும் கருப்பட்டியும்

அடுத்த வழியை லாரன்ஸ் எழுதியே அனுப்பிவிட்டான். பேசினால் நான் அங்குலம் கேட்பேன் என்ற பயம். பழைய இரும்புச் சட்டியின் அடியில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு பிடி அரிசி, ஒரு பிடி தேயிலை, கொஞ்சம் சர்க்கரை. அதற்கு மேல் ஒரு வலைத்தட்டு. வலைத்தட்டில் பாதி வெந்த கோழி. கனமான மூடி. அடியில் இருப்பது கருகிக் கருகி எழுப்புகிற புகையிலேயே கோழிக்கு நிறம் ஏறிவிடும்.

சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். இது என் சொந்த யோசனை, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூடியின் ஓரத்தைச் சப்பாத்தி மாவால் ஒட்டினேன். ஆழ்வாரப்பன் படியில் நின்று மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "பெருமாளுக்கு ஒண்ணும் எட்டல, நடத்தும்" என்று உத்தரவு கொடுத்தார்.

திறந்தபோது கோழி தேக்கு நிறத்தில் பளபளத்தது. வாசனையைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் இந்தப் பத்திரிகையைத் தின்றுவிடுவீர்கள்.

ரெஜினா ஒரு துண்டைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வெகுநேரம் வைத்திருந்தாள். நான் மூச்சு விடவில்லை. பிறகு அதைத் தட்டில் வைத்தாள்.

"நீங்க ரொம்ப மெனக்கெடுதிய" என்றாள். "விட்ருங்க. வராதது வராது. நான் கஞ்சியே குடிச்சிக்கிடுதேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். எங்களுக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து அவள் 'விட்ருங்க' என்று சொன்னதே இல்லை. பிடிங்க, தூக்குங்க, நகத்துங்க, இவைதான் அவள் சொல்கிறவை. அன்று நான்கு வாய்.

கோயில்பிள்ளை சவரி

மறுநாள் மாத முதல் வெள்ளி. சர்ச்சில் காலைப் பூசையும் ஆராதனையும் முடிந்து, வேண்டுவதை எல்லாம் வேண்டி முடித்து, கோயில் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். அங்கே கோயில்பிள்ளை சவரி தூபக்கலசத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, தூபத்துக்குக் கரி மூட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. உருண்டை உருண்டையாகப் பாதி எரிந்த கரிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

நின்றேன். அந்தக் கரியைப் பார்த்தேன். ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொள்கிற கரி. தானாகப் புகையாது. சாமியார் கையில் சங்கிலியில் ஆடிக்கொண்டே ஒரு முழு ஆராதனைக்கும் கனன்றுகொண்டிருக்கும். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"சவரி, இதுல எனக்குக் கொஞ்சம் தாயேன்."

"எதுக்கு அண்ணாச்சி? வீட்ல செவமா?"

"ஆமா, செவந்தான்" என்றேன். பொய் இல்லை. அந்த வீட்டில் நான் அந்த நாட்களில் ஜெபத்தைத் தவிர வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

பதினொரு உருண்டை கொடுத்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. வழியில் நல்ல விளமீன் ஒன்று வாங்கினேன்.

மீனுக்குக் குறுக்கே கீறல் போட்டு, மிளகாய், மிளகு, மஞ்சள், உப்பு தடவி, கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினேன். ஒரே ஒரு கரியை, ஆமாம், பாடம் படித்துவிட்டேன், பற்ற வைத்துக் கிண்ணத்தில் போட்டேன். மூன்று சொட்டு நல்லெண்ணெய். ஒன்று கூடுதல், ஆசைக்கு. மூடினேன்.

காத்திருந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. என் மனம் அடங்கியது. காஸ் சிலிண்டர் வெடிக்குமோ, புகை நெஞ்சில் கட்டுமோ, டாக்டர் பாதியில் நிறுத்தியது என்னவாக இருக்கும் என்கிற கவலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டன. காலையில் பாடிய ஆராதனைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தபோது கவனித்தேன்: என் தலை குனிந்திருந்தது, கைகள் கூப்பியிருந்தன.

சட்டியிலிருந்து எழுந்தது பீப்பாய்ப் புகை இல்லை. சாம்பிராணி.

எத்தனையோ ஆராதனைகளில் உருகி ஒழுகிய சாம்பிராணி முழுவதும் அந்தக் கரியில் அப்பிக்கிடந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து முகர்கிற வாசனை என்பதால் என் மூக்கு அதை ஒரு வாசனையாகவே கணக்கில் எடுக்கவில்லை. விளமீன், மேற்றிராணியார், அதாவது பிஷப், வைக்கிற பூசையையே கண்டுவிட்டது போல மணத்தது.

வேறு மீன் இல்லை. மணி ஒன்றரை. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தோன்றிய நினைப்புதான் எனக்குத் தாங்கவில்லை: கொண்டுபோய் வைத்துவிடலாம், அவளுக்குத்தான் தெரியாதே.

மேசையில்

தட்டை வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். முதல் கோட்டுக்குத் தயாரானேன்.

ரெஜினா ஒரு விள்ளல் எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"ஏங்க."

"என்ன?"

"யாருக்குப் பூசை?"

"என்ன பூசை?"

"மீனு கோயில் மாதிரில்லா மணக்கு! இதச் சப்பரத்துல வச்சு இழுத்தியளா?"

நான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இல்லை, எழுந்தபோது பின்னால் தள்ளிவிட்டிருந்தேன். தரையில் இருந்தபடியே கேட்டேன்:

"திருப்பிச் சொல்லு."

"சாம்பிராணி மணக்குங்கேன். மீனுல ஏன் சாம்பிராணி... என்னங்க, ஏன் கீழ உக்காந்து சிரிக்கிய? எந்திரிங்க!"

அதற்குப் பிறகு அவளுக்கே உறைத்தது. விள்ளலை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு தடவை உள்ளே இழுத்தாள். நீளமாக. கண் கலங்கியது. இந்தத் தடவை புகையினால் இல்லை.

நான் குசினிக்கு ஓடினேன். கையில் அகப்பட்டதை எல்லாம் கொண்டுவந்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினேன். சூடம், சரியாகச் சொன்னாள். காப்பித்தூளைப் "புழுதி" என்றாள், தப்பு. பெருங்காயம் சரி. சோப்பு தெரியவில்லை. கருவாட்டை நீட்டியதும், "முகத்துல தேய்க்காதிய, தூர எடுங்க!" என்று கத்தினாள். அதைச் சரி என்றே போட்டுக்கொண்டேன். வேறு எதுவும் கிடைக்காமல் கடைசியாக என் தோளிலிருந்த துண்டை நீட்டினேன்.

"இது நீங்க" என்றாள். "தொவைக்கப் போடுங்க."

ஆறுக்கு நான்கு.

அப்போது கதவு தட்டப்பட்டது. மெதுவாக, ஒரே ஒரு தடவை. திறந்தால் ஆழ்வாரப்பன். வாளி இல்லை. தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"படியெல்லாம் சாம்பிராணி..." என்று ஆரம்பித்தார். துக்க வீட்டு வாசலில் நிற்பவர் போல உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெஜினாம்மா..."

"யாரு, ஆழ்வாரப்பன் அண்ணனா?" உள்ளேயிருந்து ரெஜினா குரல் கொடுத்தாள். "நிக்காம உள்ள வாங்க. உங்க கையில என்ன, ரசமா மணக்கு?"

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். மிளகும் பூண்டும் தட்டிய கை. பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அழாமல் பிடித்துவைத்திருந்ததை அந்தத் துண்டில் விட்டார்.

"ரசந்தான் தாயி" என்றார். "இப்பத்தான் எறக்கி வச்சேன்."

"கொஞ்சம் தாரியளா?"

முட்டுவலிக்காரர். மேல்மாடிக்கு ஓடியே போனார். படியில் கால் வைக்கும்போது, "இன்னைக்குத்தான் வே ஒம்ம வீட்டுப் புகை பெருமாளுக்குப் புடிச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே போனார். போன வேகத்தில் ரசத்துடன் திரும்பினார்.

இத்தனை கங்கு, இத்தனை கருப்பட்டி, கோழி, மீன் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, என் மனைவி ஒரு சைவக்காரரின் மிளகு ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். நான் எதிரே உட்காரப் போனேன்.

"நீங்க எண்ணுவிய" என்றாள். "எண்ணுனா எந்திரிச்சிருவேன். அங்கன திரும்பி உக்காருங்க."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, அந்தச் சாம்பிராணி விளமீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீணாக்க மனம் வராது. ஆழ்வாரப்பன் என் நிலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மீன் மோசமில்லை. கொஞ்சம் பக்தியாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவள் சாப்பிட்டாள். அவள் வலக்கையில் இரண்டு வளையல்கள். கை தட்டிலிருந்து வாய்க்குப் போகும்போது ஒரு சிணுங்கல் கேட்கும்.

எத்தனை சிணுங்கல் என்று இங்கே எழுத மாட்டேன். ரெஜினா இந்தப் பத்திரிகையை வாசிக்கிறாள்.